கதவு திறந்த கைகள்

"சிங்களவர் வீட்டிலே தமிழர் உயிர் தப்பினரா? என்ன சொல்கிறீர்!" எனச் சினக்கும் தோழர் நம்மிடையே உண்டு. சினம் நியாயமானதே. 1983-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களிலே கொழும்பு கண்ட கொடுமையை எண்ணினால் எவர் நெஞ்சும் கொதிக்கும். எனினும், வரலாறு எழுதப் புகுவோன் எரிந்த வீட்டை மட்டுமன்று, காக்கப்பட்ட உயிரையும் கணக்கிலே கொள்ளவேண்டும்.

ஜூலை 23 இரவு, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலே புலிகளின் தாக்குதலில் படையினர் 13 பேர் மாண்டனர். மறுநாள் இரவு பொரளை மயானத்தருகே திரண்ட கூட்டம் கலைந்தது, வீட்டுக்கல்ல, வேட்டைக்கு! கையிலே தடி, பெட்ரோல். அவற்றினும் கொடியதாக வாக்காளர் பட்டியல். எது தமிழன் வீடு என்பதை அரசாங்கத் தாளே காட்டிக் கொடுத்தது. வழிமறித்து, வாளிக்குரிய சிங்களச் சொல்லை உச்சரிக்கச் சொன்னார்கள். நாக்குப் பிறழ்ந்தவன் தமிழன். வெலிக்கடைச் சிறையிலே 25, 27 ஆகிய இரு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். மாண்டோர் ஏறத்தாழ 400 என்போர் உளர். 3,000 வரை என்போரும் உளர். 28-ஆம் நாள் நாட்டுக்கு உரையாற்றிய குடியரசுத் தலைவர் ஜெயவர்த்தனா, தமிழருக்கு ஓர் ஆறுதற்சொல்லும் சொன்னாரில்லை.

அந்த நாட்களிலேதான், பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பங்கள் பல, தமிழரைத் தம் உள்ளறைகளில் ஒளித்தன. முஸ்லிம்களும் பறங்கியரும் அவ்வாறே செய்தனர். வாயிலில் நின்ற வெறிக்கூட்டத்திடம், "இங்கே தமிழர் எவருமில்லை" என்றனர். பொய்தான்! அன்றைக்கு அதைவிடத் தூய சொல் கொழும்பிலே வேறேது? தெரு அடங்கியபின் அகதி முகாம் வரை கொண்டு சேர்த்தவரும் உண்டு. மேடையேறாத, கட்சிக் கொடி பிடிக்காத, சாதாரண மக்கள்.

ஐரோப்பாவிலும் இதுவே நடந்தது. ஆம்ஸ்டர்டாமில் ஆன் பிராங்க் உள்ளிட்ட எண்மரை, 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்டு 4-இல் பிடிபடும்வரை காத்தவர்கள் அலுவலகப் பணியாளர்களே. போலந்திலே யூதருக்கு இடமளித்தால் மரண தண்டனை என்று நாஜி ஆட்சி 1941-இல் ஆணையிட்டது. கொழும்பிலே அப்படி ஓர் ஆணை இல்லை; ஒளித்தவர்க்கு வந்த அச்சம் தெருவிலிருந்து வந்தது, சட்டமோ தெருமுனையில் கைகட்டி நின்றது. ஐரோப்பாவில் ஒளிந்திருந்தது ஆண்டுக்கணக்கு, இங்கே நாட்கணக்கு. கதவைத் தட்டும் ஓசை கேட்ட நெஞ்சுக்கு அந்த வேறுபாடு தெரிந்திருக்குமா?

ஒன்றில் மட்டும் பெருவேறுபாடு. யூதரைக் காத்த 28,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்களை யாத் வஷெம் என்னும் நிறுவனம் ஆய்ந்து பதிந்திருக்கிறது. ஜூலைப் படுகொலைக்காக 2004-இல் குடியரசுத் தலைவர் சந்திரிகா மன்னிப்புக் கேட்டார். காத்தவர்க்கோ அப்படியொரு பெயரேடு இல்லை. நம் திருவெண்ணெய்நல்லூர்ச் சடையப்பர் புலவனுக்குச் சோறிட்டார். கம்பன் காவியத்திலே பெயரும் பெற்றார். அயலானுக்காகத் தன் கூரையைப் பணயம் வைத்தவருக்குப் பாடப் புலவனில்லை!

மரக்காணத்தை அடுத்த கீழ்ப்புத்துப்பட்டு முகாமிலே ஈழத்தவர் வாழ்கின்றனர். அந்த வாரத்தைக் கண்ட முதியவர் அங்கிருப்பின், வரும் விடுமுறையில் மாணவருடன் சென்று கேட்டு எழுதுவோம். வீட்டை எரித்தவர் யார் என்று கேட்போம். கதவைத் திறந்தவர் யார் என்றும் கேட்போம்.