முதலில் வந்தும் பரிசு பெறாதவர்

வெற்றி பெற்றோரின் பெயர்களைச் சரித்திரம் பொன்னெழுத்துக்களில் பொறித்து வைக்கிறது. ஆனால், ஒரு காரியத்தை முதன்முதலில் செய்து முடித்தும், விதிகளின் கணக்கில் தோற்றவராக எண்ணப்பட்ட ஒருவருக்கு அது எந்த இடத்தைக் கொடுக்கிறது? இந்தியாவின் ஆரம்ப கால விமானிகளுள் ஒருவரான மன்மோகன் சிங்கை நினைக்கும்போது இந்தக் கேள்வி எழுகிறது. பிற்காலத்தில் நம் நாட்டின் பிரதமராக விளங்கிய பொருளியல் அறிஞர் வேறு, இவர் வேறு.

1906-ஆம் ஆண்டில் ராவல்பிண்டியில் பிறந்த இவர், இங்கிலாந்து சென்று பிரிஸ்டல் நகரில் பொறியியல் பயின்றார். விமானம் ஓட்டவும் அங்கேயே கற்றுக்கொண்டார். இந்தியர்களால் விமானம் ஓட்ட முடியுமா என்று ஆட்சியாளரிடையே ஐயப்பாடு நிலவிய காலம் அது. இந்திய விமானப் படை தோன்றியதே 1932 அக்டோபரில்தான். அதற்கு முன் வானில் பறக்க விரும்பிய இந்தியன், சொந்தச் செலவிலும் சொந்தத் துணிச்சலிலுமே பறக்க வேண்டியிருந்தது.

இந்த நிலையில், 1929 நவம்பரில் ஆகா கான் அவர்கள் ஒரு பரிசை அறிவித்தார். இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கோ, இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கோ தன்னந்தனியாக விமானம் ஓட்டிச் செல்லும் முதல் இந்தியருக்கு 500 பவுன் என்பதே அது. பயணத்தைக் குறித்த கால எல்லைக்குள் முடித்தாக வேண்டும் என்பது நிபந்தனை. மூன்று இளைஞர்கள் முன்வந்தனர். ஒருவர் மன்மோகன் சிங். மற்றொருவர் பதினேழே வயதான ஆஸ்பி எஞ்சினியர். மூன்றாமவர், 1929 பிப்ரவரியில் இந்தியாவிலேயே முதல் விமானி உரிமத்தைப் பெற்றிருந்த ஜே. ஆர். டி. டாட்டா.

அவர்கள் ஓட்டிச் சென்ற 'ஜிப்ஸி மாத்' என்பது எத்தகைய ஊர்தி என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மரச் சட்டங்களின் மேல் துணி போர்த்திய சிறு விமானம்; மேற்கூரை கிடையாது. மணிக்குச் சுமார் 85 மைல் வேகம். வானொலித் தொடர்பு இல்லை. திசைகாட்டியும் தேசப் படமும் முழங்காலின் மேல். கீழே தெரியும் ஆறும் இருப்புப் பாதையுமே வழித்துணை. மழையும் வெயிலும் பாலைவனத்து மணலும் விமானியின் முகத்திலேயே வந்து மோதும்.

மன்மோகன் சிங் தம் விமானத்துக்கு 'மிஸ் இந்தியா' என்று பெயர் சூட்டினார். அவருடைய பயணம் ஒரே முயற்சியில் கைகூடவில்லை. அதைக் கண்ட லண்டன் விமான ஏடு ஒன்று, இவர் தம் விமானத்துக்கு வைத்த பெயர் பொருத்தமே, இந்தியாவைத் தவற விடத்தான் போகிறார் என்று எள்ளி நகையாடியது. ஆங்கிலத்தில் 'மிஸ்' என்பது குமாரியையும் குறிக்கும், தவற விடுதலையும் குறிக்கும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நான் அந்தச் சிலேடையைத் தமிழில் கொண்டு வர முயன்றதுண்டு, இயலவில்லை. ஆனால் அந்த எள்ளலுக்கு மன்மோகன் சிங் தந்த மறுமொழிக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. அவர் மீண்டும் புறப்பட்டார். இத்தாலியின் தென்பகுதியில் மூடுபனியில் வழி தவறி, ஒரு மலைப் பாதையில் விமானத்தை இறக்க நேர்ந்தது. நாட்கள் கழிந்தன. ஆயினும் பயணத்தைக் கைவிடாமல், 1930 மே மாதத்தில் கராச்சி வந்து சேர்ந்தார். இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குத் தனியே பறந்து வந்த முதல் இந்தியர் அவரே. எனினும், கால எல்லை கடந்துவிட்டபடியால் பரிசு அவருக்குக் கிட்டவில்லை.

மற்ற இருவரின் கதையும் கேட்கத் தக்கது. கராச்சியிலிருந்து மேற்கே சென்ற டாட்டாவும், இங்கிலாந்திலிருந்து கிழக்கே வந்த ஆஸ்பியும் எகிப்தில் அபூகீர் என்னுமிடத்தில் சந்தித்தனர். ஆஸ்பியின் எஞ்சினுக்கு மாற்று ஸ்பார்க் பிளக் இல்லாமல் அவர் அங்கே தங்கிவிட்டிருந்தார். தம்மிடம் இருந்தவற்றைப் போட்டியாளருக்கே கொடுத்து உதவினார் டாட்டா. நன்றிக் கடனாக ஆஸ்பி தம் உயிர் காக்கும் மிதவைச் சட்டையை அவருக்கு அளித்தார். சில மணி நேர வித்தியாசத்தில் ஆஸ்பி பரிசை வென்றார். அவர் பின்னாளில், 1960 முதல் 1964 வரை, இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியாக விளங்கினார். டாட்டாவோ 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தைத் தாமே ஓட்டி வந்து, நாட்டின் விமானப் போக்குவரத்துக்கு அடிகோலினார். 1992-இல் பாரத ரத்னா விருதும் பெற்றார்.

மன்மோகன் சிங் என்ன ஆனார்? அவரை மனக்கசப்பு வீட்டில் முடக்கிவிடவில்லை. இங்கிலாந்திலிருந்து தென்னாப்பிரிக்கா வரையிலும் தனியே பறந்து சென்றார். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, இந்திய விமானப் படையின் தொண்டர் பிரிவில் சேர்ந்தார். தமக்காகப் பறந்த கரங்கள் இப்போது பிறருக்காக 'காட்டலினா' என்னும் பெரிய கடல் விமானத்தைச் செலுத்தின.

1942 மார்ச் 3. மேற்கு ஆஸ்திரேலியாவின் புரூம் துறைமுகம். ஜாவாவிலிருந்து தப்பி வந்த டச்சுக் குடும்பங்களை ஏற்றிய கடல் விமானங்கள் அங்கே ரோபக் வளைகுடாவில் நங்கூரமிட்டு நின்றன. கடல் வற்றியிருந்ததால் பெண்களும் குழந்தைகளும் கரை சேர இயலாமல் விமானங்களிலேயே காத்திருந்தனர். காலை வேளையில் ஒன்பது ஜப்பானியப் போர் விமானங்கள் தாக்கின. பதினைந்து கடல் விமானங்கள் தீக்கிரையாயின. குறைந்தது 88 பேர் மாண்டனர். அவர்களுள் மன்மோகன் சிங்கும் ஒருவர். வயது முப்பத்தைந்து.

அவருக்குப் பரிசு மறுத்த விதியைக் குறை கூறுவதற்கில்லை. போட்டி என்று வந்தால் காலக் கணக்கு வேண்டியதே. ஆனால் பரிசைத் தீர்மானிப்பது ஒன்று. நினைவைத் தீர்மானிப்பது வேறொன்று. பரிசு ஒருவருக்குத்தான் கிடைக்கும். நினைவு அப்படிப் பங்கிட முடியாத பொருள் அன்று. மூவரில் இருவரை நாடு நன்கறியும். மூன்றாமவரை நம் குழந்தைகளுக்கு நாம் இன்னும் சரியாக அறிமுகப்படுத்தவில்லை.

புரூம் கடலில் நீர் மிகவும் வற்றும் நாட்களில், அந்தக் கடல் விமானங்களின் துருப்பிடித்த சிதைவுகள் சேற்றிலிருந்து வெளிப்படுகின்றன. மக்கள் நடந்தே சென்று பார்த்துத் திரும்புகிறார்கள். பிறகு கடல் மீண்டும் மூடிக்கொள்கிறது. மன்மோகன் சிங்கின் பெயரும் நம்மிடையே அவ்வாறே எப்போதோ ஒரு முறை தலைகாட்டி மறைகிறது. அதைக் கரையேற்றி வைப்பது நம் கடமை.