அனார்கலி: நாடகத்திலும் திரையிலும்

அனார்கலியைச் சுவரில் வைத்துக் கட்டிய கதையை அறியாதார் நம்மிடையே அரியர். வரகனேரி வ. வே. சு. ஐயர் தம் சிறுகதைகளுள் ஒன்றுக்கு அவள் பெயரையே சூட்டினார். எனினும் இக்கதைக்குப் பெரும்புகழ் தேடித் தந்தவை, லாகூர் இம்தியாஸ் அலி தாஜ் 1922இல் உருதுவில் இயற்றிய 'அனார்கலி' நாடகமும், 1960இல் கே. ஆஸிப் வெளியிட்ட 'முகலே ஆஸம்' திரைப்படமுமே ஆகும். பின்னது முன்னதன் வழிவந்தது. ஆனால் முடிவில் இரண்டும் வேறு வேறு திசை நோக்கிச் சென்றுவிடுகின்றன.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். 1611இல் லாகூரில் இருந்த ஆங்கில வணிகர் வில்லியம் பிஞ்ச் எழுதிவைத்த செய்தி செவிக்கு இனியதன்று. அவர் கேள்வியுற்ற பெண் பணிப்பெண் அல்லள். அக்பரின் மனைவியருள் ஒருத்தி, இளவரசர் தானியாலின் தாய். சலீமுக்கும் அவளுக்கும் தொடர்பிருந்ததாகப் பேசப்பட்டதென்றும், அக்பர் அவளை உயிரோடு சுவருக்குள் அடைத்தாரென்றும் அவர் குறிக்கிறார். தந்தை மணந்தவள் மகனுக்கு விலக்கப்பட்டவள் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 22ஆம் வசனம் கூறும் சட்டம். ஆகவே பிஞ்ச் கேட்ட கதையில் மன்னரின் சினத்துக்கேனும் ஒரு காரணம் உண்டு. ஆனால் ஹதீஸ் கலை பயின்றவர் இதனை எளிதில் ஏற்கமாட்டார். சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்னும் தொடர் இதற்கு இல்லை.

லாகூர்க் கல்லறையில் ஹிஜ்ரி 1008, 1024 என இரண்டு ஆண்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன. முன்னதை மரண ஆண்டாகக் கொண்டால் அது 1599ஐ ஒட்டி வரும். அக்பரோ 1598 இறுதியிலேயே லாகூரை விட்டகன்றார். சலீம் அப்போது முப்பது வயதினர்; குஸ்ரூ, குர்ரம் முதலிய மக்களுக்குத் தந்தை. அபுல் பஸலைக் கொல்வித்ததையே தம் வரலாற்று நூலில் ஒளியாது எழுதிய ஜஹாங்கீர், இவளைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. கல்லறையில் காணும் சலீமின் பெயரைக் கொண்டு, யாரோ ஒருத்திக்காக அவர் உருகினார் என்று மட்டும் கொள்ளலாம்.

தாஜ் இதையெல்லாம் அறிந்தவர். தம் நாடகத்துக்கு ஆதாரம் வழக்குக் கதையே, வரலாறு அன்று என முன்னுரையிலேயே கூறிவிட்டார். அவர் அனார்கலியை அரண்மனைப் பணிப்பெண்ணாக்கினார். அதனால் அவள் மாசற்றவளானாள். ஆனால் மன்னர் அவளைக் கொல்வதற்கு இருந்த காரணமும் உடன் போயிற்று. அவ்விடத்தைத் தாஜ் எதைக் கொண்டு நிரப்பினார்? மகனைச் சுற்றி அக்பர் கண்ட பேரரசுக் கனவைக் கொண்டு. பொறாமை கொண்ட திலாராம் கண்ணாடிகளின் வழியே காதலர் பார்வையை மன்னருக்குக் காட்டிக்கொடுக்கிறாள்; கனவு உடைகிறது; பெண் சுவருக்குள் மாள்கிறாள். இறுதியில், தம்மை ஒருமுறை தந்தை என்றழைக்குமாறு அக்பர் மகனிடம் இரந்து நிற்கிறார். குற்றமற்றவளைக் கொன்றவருக்கு ஆசிரியர் வேறு எந்தச் சமாதானமும் தேடித் தரவில்லை.

ஆஸிபோ சமாதானத்தையே தேடினார். அனார்கலியின் தாய், சலீம் பிறந்த செய்தியைக் கொணர்ந்தவள். அன்று அக்பர் அவளுக்கு மோதிரமும் வாக்கும் அளித்திருந்தார். அவ்வாக்கைக் காக்கவேண்டி, சுவரெழுப்பிய பின் சுரங்க வழியே மகளைத் தாயோடு அனுப்பிவிடுகிறார். சலீம் இதனை அறியக்கூடாது என்பது நிபந்தனை. பிருத்விராஜ் கபூரின் கம்பீரக் குரலில் இது பெருந்தியாகமாகவே ஒலிக்கிறது. என் செவிக்கு அப்படிப் படவில்லை. பணிப்பெண்ணாகப் பிறந்ததன்றி அவள் செய்த குற்றம் யாது? அதனைக் கேளாமல், உயிரோடு விட்டதற்காக மன்னரை மெச்சச் சொல்கிறது படம். தாஜ் பெண்ணைக் கழுவித் தூய்மையாக்கினார். ஆஸிப் பேரரசரைக் கழுவினார். கண்ணாடி மாளிகையின் ஒளியில் இம்மாற்றம் பலர் கண்ணில் படுவதில்லை. எங்கள் வையம்பட்டியில் படம் பார்த்தவர்களே, அனார்கலி சுவருக்குள் இறந்ததாகத்தான் இன்றும் சாதிக்கிறார்கள்!

நாடகத்தின் தலைப்பில் நின்றவள் அனார்கலி. திரையில் அவ்விடம் 'மாபெரும் முகலாயருக்கு'ப் போயிற்று. 1961இல் அப்படத்துக்குத் தமிழில் குரல் கொடுத்து வெளியிட்டபோது 'அக்பர்' என்றே பெயரிட்டனர். அது ஓடவில்லை, ஆங்கிலத்திலும் பேசவைத்து வெளியிடும் எண்ணம் அத்தோடு கைவிடப்பட்டது.