இந்திய–இலங்கை ஒப்பந்தக் கடிதங்கள் (1987)

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் கையெழுத்தான உடன்படிக்கையோடு இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கைக் குடியரசுத் தலைவர் ஜே. ஆர். ஜெயவர்தனாவும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள். உடன்படிக்கை பெரும்பாலும் இனச்சிக்கலையும் வடக்கு–கிழக்கு மாகாண இணைப்பையும் பேசியது. டெல்லியின் பாதுகாப்புக் கவலைகள் வெளிப்பட்டது இந்தக் கடிதங்களில்தான். அவற்றின்படி, திருகோணமலை உள்ளிட்ட இலங்கைத் துறைமுகங்களை இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் ராணுவமும் பயன்படுத்த இடம் தரக்கூடாது. வெளிநாட்டு ராணுவ, உளவு ஆட்களை அமர்த்துவது குறித்து இரு நாடுகளும் புரிந்துணர்வுக்கு வர வேண்டும். அயல்நாட்டு வானொலி நிலையங்கள் உளவுக்குப் பயன்படக்கூடாது. திருகோணமலை எண்ணெய்க் கிடங்குகளைச் சீரமைத்து நடத்துவது கூட்டு முயற்சியாக அமையும் என்பதும் கடிதத்தில் உண்டு. ஈழத் தமிழர் உரிமைக்காக மட்டுமே இந்தியா தலையிட்டது என்று கருதுவோர் இவற்றையும் சேர்த்தே படிக்க வேண்டும். எண்ணெய்க் கிடங்குகளுக்கான கூட்டு ஒப்பந்தம் 2022 ஜனவரியில்தான் கையெழுத்தானது.