பேங்க்கும் பேட்டும்

ஆற்றங்கரைக்கும் பணம் போட்டுவைக்கும் இடத்துக்கும் ஆங்கிலத்தில் ‘பேங்க்’ என்றே பெயர். வௌவாலுக்கும் கிரிக்கெட் மட்டைக்கும் ‘பேட்’. ஒலி ஒன்று, சொல் வேறு என்பதற்கு மொழியியல் பாடநூல்கள் இவ்விரண்டையும் சேர்த்தே உதாரணம் காட்டும். ஆனால் வம்சாவளியைத் துருவினால் இரண்டின் வழிகளும் பிரிகின்றன.

மட்டையைச் சுட்டும் ‘பேட்’ பழைய ஆங்கிலத்தில் தடியைக் குறித்தது. வௌவாலோ அக்காலத்தில் ‘ஹ்ரேரெமூஸ்’. அதிலுள்ள ‘மூஸ்’ எலி. பிறகு இடைக்கால ஆங்கிலத்தில் ‘பக்கே’ என்ற பெயர் ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து வந்து சேர்ந்தது. 16-ஆம் நூற்றாண்டில் அதன் ககரம் டகரமாகத் திரிய, வௌவாலின் பெயர் தடியின் பெயரோடு ஒன்றிப்போயிற்று. இந்த ஒற்றுமை முழுக்கத் தற்செயல்.

‘பேங்க்’கிலும் அப்படித்தான் என்று எண்ணத் தோன்றும். கரை என்ற பொருளில் அது 1200 வாக்கில் ஸ்காண்டிநேவிய வழியாக வந்தது. பணம் சார்ந்த பொருள் 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலிய ‘பாங்கா’விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. நாணயம் மாற்றுவோர் காசைப் பரப்பிவைத்த மேசைதான் ‘பாங்கா’. வியப்பு இனிதான்: அந்த இத்தாலியச் சொல்லே ஜெர்மானியரிடம் பெற்ற கடன். கரையின் மேடும் காசுக்காரரின் பலகையும் ஒரே தொல் ஜெர்மானிய வேரில் கிளைத்தவை. ஆங்கிலத்தை விட்டு நகராத கிளை ஒன்றும் உண்டு. நம் பள்ளிக்கூடங்களில் இருக்கும் ‘பெஞ்சு’ அதுதான்.

ஆக, பேட்டில் அந்நியர் இருவர் ஒரே உடை உடுத்தி நிற்கிறார்கள். பேங்க்கில் பங்காளிகள் இருவர் உறவு மறந்து நிற்கிறார்கள். அகராதிகள் இரு இடத்திலும் தனித்தனித் தலைச்சொற்களே தருகின்றன. அது சரியென்றே எனக்குப் படுகிறது. இன்று பேசுபவரின் மனத்தில் கரைக்கும் காசுக்கும் தொடர்பே இல்லை.

மறந்த பிறகும் பங்காளிகள் இருவரும் தனித்தனியே பெருகினார்கள். கரையின் சரிவிலிருந்து, விமானம் திரும்பும்போது ஒருபுறம் சாய்வதற்குப் பெயர் கிடைத்தது. காசின் கிடங்கிலிருந்து ரத்த வங்கிக்கு. பேட்டில் மட்டை ‘பேட்டிங்’ என்ற வினையை ஈன்றது.

ஆனாலும் இரு சொற்களுக்கும் இடையே எதிர்பாராத ஓர் உறவு இருக்கிறது. பேங்க்கில் கரை, பேட்டில் வௌவால்: இரண்டையும் ஆங்கிலத்துக்குத் தந்தது ஸ்காண்டிநேவியாதான்.