எடையும் வருத்தமும்

தமிழ்நாட்டில் இரு சக்கர வண்டிகளின் வரலாற்றை சிசி கணக்கிலும் மைலேஜ் கணக்கிலும் சொல்வதே வழக்கம். இங்கே அதைக் கிலோ கணக்கில் சொல்லிப் பார்க்கிறேன். எடையை வைத்துப் பார்த்தால், யாருக்கு எந்த வண்டி என்று நம் ஊர்கள் வகுத்து வைத்திருக்கும் வரிசை பளிச்சென்று தெரிகிறது. அந்த வரிசையில் சாதியும் இருக்கிறது, ஆண் பெண் பேதமும் இருக்கிறது.

வரிசையின் மேல்முனையில் நிற்பது புல்லட். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த வண்டி அது. துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது என்று அதன் நிறுவனம் ஒரு காலத்தில் விளம்பரம் செய்தது. பீரங்கியைச் சின்னமாக வைத்துக்கொண்டது. 1950களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்காக இந்த வண்டியை வாங்கியது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் ஆங்கிலேய நிறுவனத்தோடு கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் புல்லட் வந்துகொண்டே இருந்தது. ராணுவம், போலீஸ், அதற்கடுத்து ஊரில் நிலமும் செல்வாக்கும் உள்ள வீடுகள் என்று அது இறங்கி வந்தது. 'அவர் புல்லட்டில் வருவார்' என்றால் வண்டியின் பெயரை மட்டும் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். எங்கள் முன்னால் நீ புல்லட் ஓட்டுவதா என்று கேட்டு வெட்டியதாகக் குடும்பத்தினர் சொன்னார்கள். எடை கூடிய வண்டியில் யார் உட்காரலாம் என்ற கேள்வி இன்றும் அரிவாளோடு நிற்கிறது.

வரிசையின் கீழ்முனைக்கு வருவோம். 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. இருவர் போகக்கூடிய மொபெட். 1984-ல் கைனெடிக் ஹோண்டா வந்தது; கியர் கிடையாது, உதைக்க வேண்டாம், பொத்தானை அழுத்தினால் போதும். 1990களில் வந்த ஸ்கூட்டியைப் பெண்களின் வண்டி என்றே விற்றார்கள். இந்த வண்டிகளை நான் குறைத்துப் பேச மாட்டேன். பேருந்துக்கும் அண்ணன் தம்பிக்கும் காத்திருக்காமல் ஒரு தலைமுறைப் பெண்களை வேலைக்கும் கல்லூரிக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவை அவை. ஆனால் கூடவே ஒரு கோடும் விழுந்தது. இந்தப் பக்கம் பெண்ணின் வண்டி, அந்தப் பக்கம் ஆணின் வண்டி.

அரசும் அந்தக் கோட்டின் மேலேயே நடந்தது. ஓட்டுநர் உரிமத்தில் கியர் இல்லாத வண்டி, கியர் உள்ள வண்டி என்று இரண்டு பிரிவு உண்டு. பயிற்சிப் பள்ளிக்குப் போகிற பெண்ணை எந்தப் பிரிவில் உட்கார வைப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. வேலைக்குப் போகும் பெண்களுக்காக 2018 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா இரு சக்கர வாகனத் திட்டம் பாதி விலையை, 25,000 ரூபாய் வரை, மானியமாகத் தந்தது. நல்ல திட்டம். ஆனால் வண்டி 125 சிசிக்கு மேல் போகக் கூடாது, கியர் இருக்கக் கூடாது. பெண்ணின் பயணம் எவ்வளவு தூரம் என்பதற்கு அரசாணை ஒரு கற்பனை வைத்திருந்தது. கடை, அலுவலகம், பள்ளிக்கூடம், வீடு.

இந்தக் கோடு போட்டிருப்பதால்தான், அதைத் தாண்டுகிற பெண்ணுக்கு எடை ஒரு சான்றிதழாகிவிடுகிறது. இது நம் ஊரின் கதை மட்டும் இல்லை. 1916-ல் அகஸ்டா, அடலின் வான் பியூரன் என்ற சகோதரிகள் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்தார்கள். போர்க்களத்தில் செய்தி கொண்டுபோகும் வேலையைப் பெண்களாலும் செய்ய முடியும் என்று காட்டுவது அவர்கள் நோக்கம். வழியில் ஆண்களின் உடை அணிந்ததற்காகப் போலீஸ் பிடித்தது. ராணுவமோ அந்த வேலையைக் கொடுக்கவில்லை. நூறாண்டு கழித்து, 2018 குடியரசு நாள் அணிவகுப்பில் எல்லைப் பாதுகாப்புப் படையின் சீமா பவானி குழுப் பெண்கள் புல்லட்டுகளின் மேல் நின்றும் படுத்தும் சாகசம் செய்தார்கள். நாடே கைதட்டியது. அந்தக் கைதட்டலில் நானும் இருந்தேன். ஆனால் நிரூபிக்கச் சொல்லிக் கேட்பவர்கள் யார், எதற்காக எப்போதும் எடையைக் கொண்டே நிரூபிக்கச் சொல்கிறார்கள் என்பதை நாம் அதிகம் பேசியதில்லை.

என் கதை இங்கேதான் வருகிறது. பன்னிரண்டு ஆண்டுகள் நான் ஓட்டியவை ஸ்போர்ட்ஸ் பைக்குகள். இரண்டாயிரத்துக்குப் பிறகு பல்சர், அப்பாச்சி, ஆர் 15, டியூக் என்று இளைஞர்களைக் குறிவைத்து வந்த ரகம். முன்னால் குனிந்து உட்கார வேண்டும், இருக்கை உயரம், எடை 140 கிலோ அளவில். ஐந்தடியைச் சற்றே தாண்டிய எனக்கு நிறுத்தும்போது விரல் நுனிதான் தரையில் படும். ஆனால் எந்தப் பக்கம் நினைக்கிறேனோ அந்தப் பக்கம் திரும்பும். நாற்பது வயதில் மணிக்கட்டு வலி வந்தது. க்ரூஸருக்கு மாறச் சொல்லாதவர்கள் இல்லை. 'சீட் தாழ்வு மேடம், ரெண்டு காலும் நல்லா ஊனும்' என்றார் விற்பனையாளர். 'இனிமே உங்களுக்கு இதுதான் கெத்து' என்றார்கள் கூட ஓட்டும் தம்பிகள். 350 சிசி க்ரூஸர் ஒன்று வாங்கினேன். எடை இருநூறு கிலோவை நெருங்கும். மாறியதில் எனக்கு வருத்தம்.

க்ரூஸர் எந்தச் சாலையின் குழந்தை என்று பார்த்தால் காரணம் புரியும். நேராக, அகலமாக, நூற்றுக்கணக்கான மைல் நீளும் அமெரிக்கச் சாலைகளில் சாவகாசமாகப் போவதற்கென்று வளர்ந்த வடிவம் அது. சக்கரங்களுக்கு இடையே தூரம் அதிகம், முன்சக்கரம் தள்ளி நீட்டியிருக்கும், கால் வைக்கும் இடம் முன்னால் இருக்கும். இந்தியாவில் 2001-ல் பஜாஜ் கொண்டுவந்த எலிமினேட்டர், 2002-ல் என்ஃபீல்டின் தண்டர்பேர்டு, 2005-ல் அவெஞ்சர் என்று அந்த வடிவம் இங்கே வேரூன்றியது. சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில், சின்னசேலத்திலிருந்து தியாகதுருகம் வரை அதில் போவது சுகம். காற்று நெஞ்சில் அடிக்கும், மணிக்கட்டு வலிக்காது, லாரிக்காரர்கள்கூட மரியாதையாக வழி விடுவார்கள்.

ஆனால் என் வேலை நெடுஞ்சாலையில் இல்லை. கல்வராயன் மலையில் வயதான பெண்களிடம் வாய்மொழி வரலாறு சேகரிப்பது என் வேலை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை, பரிகம் வழியாக வெள்ளிமலைக்கு ஏற வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் க்ரூஸர் அகலமாகத்தான் திரும்பும். எதிரே பேருந்து வந்தால் நெஞ்சு அடைக்கும். ஸ்போர்ட்ஸ் பைக்கில் கால் உடம்புக்கு அடியில் இருப்பதால் பள்ளம் வரும்போது சற்றே எழுந்து நின்றுவிடலாம். க்ரூஸரில் கால் முன்னால் நீட்டியிருக்கும், எழ முடியாது. ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகெலும்பில் ஏறும். மணிக்கட்டில் இருந்த வலி இடுப்புக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

சரிவில் வண்டியைப் பின்னால் எடுப்பது இன்னொரு பாடம். பத்தடிக்கு ஓரடி ஏறும் சரிவு என்று வைத்துக்கொள்வோம். 90 கிலோ மொபெட்டை மேட்டுப் பக்கமாகத் தள்ள ஒன்பது கிலோவைத் தூக்கும் அளவு பலம் வேண்டும். 140 கிலோ வண்டிக்கு 14, 200 கிலோவுக்கு 20. உட்கார்ந்தபடியே தள்ளினால் ஓட்டுபவரின் எடையும் சேரும். சேறு இருந்தால் கணக்கே மாறிவிடும். இருக்கை தாழ்வாக இருந்தால் கால் ஊனும் என்று சொன்னது உண்மைதான். ஊனிய காலால் என்ன செய்ய முடியும் என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள், ஒரு வளைவுக்கு மேலே, நின்ற இடத்திலேயே வண்டி சாய்ந்தது. விழுந்த வண்டியைத் தூக்க ஒரு முறை உண்டு. கைப்பிடியைத் திருப்பிவிட்டு, இருக்கைக்கு முதுகைக் கொடுத்து, முட்டியை மடக்கி, பின்னோக்கி நடந்தபடியே நிமிர்த்த வேண்டும். சமதரையில் நான் அப்படி நிமிர்த்தியிருக்கிறேன். சேற்றுச் சரிவில் கால் வழுக்கியது. முக்கால் மணி நேரம் கழித்து மரவள்ளி மூட்டையோடு மொபெட்டில் வந்த இரண்டு பேர் தூக்கிக் கொடுத்தார்கள். 'இம்மாம் பெரிய வண்டி எதுக்குக்கா?' என்றார் ஒருவர். கேலியாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

கல்வராயன் மலையின் வரலாற்றிலும் அந்தக் கேள்விக்கு இடம் உண்டு. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் இந்த மலை 1976 வரை ஜாகீர்தார்கள் பிடியில் இருந்தது. அரசு நிர்வாகம் நேரடியாக மலையேறியது அதன் பிறகுதான். கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. இருந்தும், இம்மக்களுக்குச் சாலையும் மருத்துவமும் பள்ளியும் எந்த நிலையில் இருக்கின்றன என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து விசாரிக்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட மலையில் சக்கரம் என்பது கெத்து காட்டும் பொருள் இல்லை. சாமை மூட்டையும், காய்ச்சல் கண்ட பிள்ளையும், ரேஷன் அரிசியும் அதில்தான் போகின்றன. மலையில் மொபெட் ஓட்டும் ஒரு பெண்ணிடம் ஏன் இந்த வண்டி என்று கேட்டேன். அடுக்கிக்கொண்டே போனார்: ரெண்டு மூட்டை ஏறும், பெட்ரோல் கம்மியாகக் குடிக்கும், இங்கேயே ரிப்பேர் பார்த்துக்கொள்ளலாம், விழுந்தால் தூக்கிக்கொள்ளலாம். பெண்களுக்கான வண்டி என்ற பேச்சே அவர் வாயில் வரவில்லை.

அவர் சொன்னதைக் கேட்டபோது புதுக்கோட்டை நினைவுக்கு வந்தது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் பகுதியாக அந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பதிவு செய்தார். அதில் ஒரு செய்தி எனக்கு மறக்காது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் ஆண்களின் சைக்கிளை எடுத்தார்கள். சிலருக்கு அதுவே பிடித்துப்போயிற்று. குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது காரணம். ஆண் வண்டி, பெண் வண்டி என்ற பெயர்ப்பலகையை அவர்கள் படிக்கவில்லை. தங்கள் சுமை எது, தங்கள் பாதை எது என்று பார்த்தார்கள்.

நம்மில் க்ரூஸருக்கு மாறி வருந்துபவர்கள் அதை வெளியே சொல்வது ஏன் அரிதாக இருக்கிறது? ஓர் ஆண் இதே வண்டியை வாங்கி, பிடிக்காமல், ஆறு மாதத்தில் விற்றால் 'செட் ஆகலை' என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். சேற்றில் அவன் விழுந்தால் ரோடு சரியில்லை. பெண் விழுந்தால் இந்த வண்டி உனக்கு எதற்கு? அவளுடைய வருத்தம் அவளோடு நிற்பதில்லை. அடுத்து ஷோரூமுக்குள் நுழையும் பெண்ணுக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. அதனால்தான் வலியை மென்று விழுங்கிக்கொண்டு வண்டியோடு படம் எடுத்துப் போடுகிறோம். ஒரு பொருளை வாங்கி, ஓட்டிப் பார்த்து, எனக்கு ஒத்துவரவில்லை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு நகரும் சுதந்திரம் இன்னும் நமக்குக் கிடைக்கவில்லை. இந்தக் கட்டுரையில் நான் கேட்பது அதைத்தான்.

க்ரூஸர் பெண்களுக்கு ஆகாது என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்ட வேண்டாம். நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓட்டும் பெண்ணுக்கு அது நல்ல துணையாக இருக்கும். மலைக்குப் போகிற ஆணுக்கும் என்னைப் போலவே அது தொல்லை தரும். எடை என்பது உடல் வலிமைத் தேர்வு என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடலாம். ராணுவமும் போலீஸும் பண்ணையும் அந்த எடைக்கு ஏற்றி வைத்த மதிப்பை நாமும் சுமக்கத் தேவையில்லை.

வண்டி வாங்கப் போகும் தோழிகளுக்கு நடைமுறையாகச் சில. உங்கள் ஒரு வாரப் பாதையை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்: எவ்வளவு தூரம் நேர்ச்சாலை, எவ்வளவு மண், எவ்வளவு ஏற்றம். ஷோரூமில் உட்கார்ந்து கால் ஊனிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, சரிவில் பத்தடி பின்னால் தள்ளிப் பாருங்கள். அந்த ரக வண்டியை வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டு, தரையில் மெத்தை போட்டு வண்டியைச் சாய்த்து, யாருடைய உதவியும் இல்லாமல் தூக்கிப் பாருங்கள். கூடவே கியர் உள்ள வண்டிக்கான உரிமத்தையும் எடுத்து வையுங்கள்; இன்று ஸ்கூட்டர் ஓட்டினாலும் நாளை எதை ஓட்டுவது என்பதை உரிமம் தீர்மானிக்க வேண்டாம்.

என் க்ரூஸரை விற்கக் கொடுத்திருக்கிறேன். அடுத்து பார்த்து வைத்திருப்பது 140 கிலோவுக்கு உட்பட்ட, சற்றே நிமிர்ந்து உட்காரக்கூடிய, கியர் உள்ள ஒரு வண்டி. கார்த்திகைக்குள் மலையில் இன்னும் ஒன்பது பாட்டிகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது.