வந்தேறி
திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் பீகார், ஒடிசா இளைஞர்களைச் சிலர் ‘வந்தேறி’ என்று வசைபோல விளிக்கக் கேட்கும்போதெல்லாம், அச்சொல்லின் பூர்விக அர்த்தத்தை எண்ணி என் நெஞ்சு வருந்துகிறது. வந்து ஏறியது எதுவோ அதுவே வந்தேறி. ஆன்மாவுக்குச் சுபாவமாக அன்றி இடையே வந்து பற்றிக்கொண்ட அகங்காரம் முதலான தோஷங்களை வைணவ உரையாசிரியர்கள் இச்சொல்லால் சுட்டினார்கள். இன்றோ அது ஆளையே சாடுகிறது. 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, பீகாரிலிருந்து வந்த அதிகாரிகள் குழு திருப்பூரில் தொழிலாளரோடு உட்கார்ந்து பேசிற்று. அத்தகைய சம்பாஷணையில் இச்சொல்லுக்கு இடமே இல்லை. ‘புலம்பெயர் தொழிலாளர்’ மரியாதையான பிரயோகந்தான்; ஆயினும் அது அவர் விட்டுவந்த ஊரையே நோக்கி நிற்கிறது. குடும்பம், குலம், வீடு, பிரஜை ஆகிய அனைத்தையும் அடக்கிய ‘குடி’யிலிருந்து பிறந்த ‘குடிவந்தவர்’ என்பதே எனக்கு உகந்தது: வாடகையைக் குடிக்கூலி என்றும், வீடு மாறுவதைக் குடிபோதல் என்றும் சொல்லும் நம் வழக்கில், பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவரிடம் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரிப்பதும், குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்லிவைப்பதும் சகஜம்.