கீலாய்டு தழும்பு

தோலில் ஏற்பட்ட காயம் ஆறிய பின்னும் தழும்புத் திசு வளர்ந்துகொண்டே போய், காயத்தின் எல்லையைக் கடந்து நல்ல தோலிலும் பரவிப் புடைத்து நிற்பது கீலாய்டு எனப்படும். காயத்தை மூடுவதற்குக் கொலாசன் என்னும் நார்ப்புரதத்தை உண்டாக்கும் உயிரணுக்கள், வேலை முடிந்த பின்னும் ஓயாதிருப்பதே இதன் அடிப்படை. காதுமடல், நடுமார்பு, தோள், தாடையோரம் ஆகிய இடங்களில் மிகுதியாகவும் உள்ளங்கை, உள்ளங்கால், இமை ஆகியவற்றில் மிக அரிதாகவும் தோன்றும் இது, கருநிறத் தோலினரிடமும் இளவயதினரிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது. தமிழ்நாட்டில் காது குத்திய இடத்திலும், இடது மேற்கையில் பி.சி.ஜி. தடுப்பூசி போட்ட இடத்திலும் இது எழுவதுண்டு. காதில், தோட்டுத் துளையின் பின்புறம் மிளகளவு முடிச்சாகத் தொடங்கி, அரிப்பும் சுருக்கென்ற வலியுமாக மெல்லப் பருக்கும்.

எகிப்தின் எட்வின் சுமித் பாப்பிரசுச் சுவடியில் இதன் முதற்குறிப்பைக் காண்போர் உண்டு. அங்குக் கூறப்படும் மார்புப் புடைப்பு வேறு கட்டிகளுக்கும் பொருந்துமாதலால் அதை அழுத்திச் சொல்வதற்கில்லை. நோயைத் தனியே பிரித்து விளக்கியவர் பாரிசின் செயின்ட் லூயி மருத்துவமனையைச் சேர்ந்த ழான் லூயி அலிபெர் ஆவார். 1806இல் புற்றுநோயை நினைவூட்டும் பெயரொன்றை இதற்கு இட்ட அவர், இது புற்றன்று எனத் தெளிந்த பின், நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இன்றைய பெயரை அமைத்தார். காயத்தால் வருவதைப் போலி எனவும் தானே எழுவதை உண்மை எனவும் அவர் பகுத்தது நிலைக்கவில்லை. தானே எழுந்ததாகத் தோன்றுவதும் பெரும்பாலும் கவனியாது விட்ட பருவிலோ கீறலிலோ தொடங்கியதாகவே கருதப்படுகிறது. 1854இல் லண்டன் மருத்துவர் தாமசு அடிசன் ‘உண்மைக் கீலாய்டு’ என வருணித்தது, தோல் திட்டாக இறுகும் மார்ஃபியா என்னும் வேறு நோயெனப் பின்னரே விளங்கியதால், குழப்பம் மேலும் நீண்டது.

இன்றைய பகுப்பு மிகைத் தழும்பையும் கீலாய்டையும் பற்றியது. மிகைத் தழும்பு சில வாரங்களில் தடித்து, காய எல்லைக்குள்ளேயே நின்று, காலப்போக்கில் தணியும். கீலாய்டோ மாதங்கள் கழித்தும் தோன்றி, எல்லை மீறி, தானாகத் தணிவது அரிது. இரண்டும் ஒரே நோயின் இரு படிகள் என்போரும் உளர். ஆயினும் வெட்டி எடுத்த பின் முன்னது பெரும்பாலும் அடங்கிவிட, பின்னது திரும்ப வருவதே வேறுபாட்டைப் போதிய அளவு காட்டுகிறது.

அறுவை மட்டும் செய்தால் பாதிக்கு மேற்பட்டோரிடம் கீலாய்டு மீண்டும் வளர்வதால், ட்ரையாம்சினலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தை நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை தழும்புக்குள்ளேயே ஊசியால் செலுத்துவது முதற்சிகிச்சையாக உள்ளது; இதனால் தோல் மெலிவதும் வெளிறுவதும் உண்டு. உறைகுளிர்ச் சிகிச்சை, சிலிக்கோன் தாள், அழுத்தக் காதணி, அறுவையை அடுத்துத் தரப்படும் கதிர்வீச்சு ஆகியவையும் வழக்கில் உள்ளன. சிறுவர்க்குக் கதிர்வீச்சு பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது.